வட்டத் தாளில் ஒரு மேடு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சிக் குடித்தான். ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து, உள்ளே தொங்கிய வெப்பமானியைப் பார்த்தான். மைனஸ் பதினெட்டு. மூடினான். உள்ளே ஐஸ் கட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. பதினான்கு வாரப் பழக்கம், கை தானாகப் போகிறது. இஸ்திரி போடாத சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மனைவி செத்து, பதினோரு நாள் விடுப்பு முடிந்து, முதல் நாள்.

ஆய்வுக்கூடத்தில் அவனை ஐஸ்காரன் என்பார்கள். குடல் நோயாளிகள் வீட்டில் எடுத்துத் தரும் மல மாதிரிகளை வாங்கி, எண் போட்டு, மைனஸ் எண்பதில் உறையவைப்பது அவன் பொறுப்பு. மலத்தில் இருக்கும் ரசாயனங்களை அளந்து, நோய் எப்போது முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது ஆய்வு. நோயாளிகள் நாற்பது பேர். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி. வாரம் ஒரு டப்பா, வீட்டு ஃப்ரிட்ஜில் உறையவைத்து அவனே கொண்டுவந்தது, மொத்தம் பதினான்கு.

உறைபெட்டியின் நெற்றியில் ஒரு வட்டத் தாள் மெல்லச் சுழலும். பேனா முனை ஒன்று அதில் வெப்பநிலையைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். வாரத்துக்கு ஒரு தாள். அவன் இல்லாததால் யாரும் மாற்றவில்லை. ஒரே தாளில் கோடு இரண்டாம் சுற்று ஓடியிருந்தது. முதல் சுற்றில் ஒரு மேடு. மைனஸ் எண்பதிலிருந்து ஏறி, பூஜ்ஜியத்தைத் தாண்டி, பன்னிரண்டில் போய்ப் படுத்து, பிறகு இறங்கியிருந்தது. பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்த கட்டங்களை எண்ணினான். முப்பத்தொரு மணி நேரம்.

"சனிக்கிழமை அது கூகூன்னு கத்திச்சு தம்பி," என்றாள் பாட்டில் கழுவும் அக்கா. "பெரியவரு மீட்டிங்ல இருந்தாரு. தலைய வலிக்குதுன்னு வந்து பொத்தானை அமுக்கிட்டுப் போயிட்டாரு. கதவு ஒட்டாம நின்னதை நான் திங்கக்கிழமைதான் பாத்தேன். ஓங்கிச் சாத்தினேன்."

பெரியவர் என்றால் ஆய்வின் தலைவர். அவன் தாளோடும் பதிவேட்டோடும் அவர் அறைக்குப் போனான்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு," என்றார். "பதிவேட்டுல மைனஸ் எண்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மறுபடி உறைஞ்சிடுச்சில்ல?"

"நடுவுல உருகியிருக்கு சார்."

"உருகினா என்ன, ஓடியா போயிடுச்சு?"

"கிருமிங்க சாகல சார். முப்பத்தொரு மணி நேரம் உக்காந்து தின்னிருக்கும். அமிலமெல்லாம் ஏறியிருக்கும். இனிமே நீங்க அளக்கறது நோயாளியோட குடலை இல்ல, டப்பாக்குள்ள நடந்த விருந்தை."

"ஐஸ்காரனுக்கு வாய் முளைச்சிடுச்சே!" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருப்பா. இதெல்லாம் குப்பைக்குப் போனா உன் மனைவி கொடுத்த பதினாலும் சேந்துதான் போகும். எவ்வளவு கஷ்டத்துல கொடுத்துச்சு அந்தப் பொண்ணு. இந்த ஆய்வு நல்லபடியா முடியணுங்கறதுதானே அதோட கடைசி ஆசை?"

இதையேதான் இரங்கல் கூட்டத்திலும் மைக் பிடித்துச் சொன்னார். மாமியார் அதை நம்பி அழுதாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அன்று அவன் மறுக்கவில்லை.

"அவ பேரை இதுல இழுக்காதீங்க."

பதிவேட்டை அவர் மேசைமேலேயே விரித்தான். வட்டத் தாளைப் பசை தடவி ஒட்டினான். பக்கத்தில் எழுதினான்: முப்பத்தொரு மணி நேரம், பன்னிரண்டு டிகிரி வரை, எச்சரிக்கை மணி நிறுத்தப்பட்டது, மாதிரிகள் பயன்படுத்தத் தகாதவை. கீழே எண்களை வரிசையாக எழுதினான். அவளுடைய பதினான்கு எண்கள் வந்தபோது பேனா தாளைக் கிழித்தது. நிறுத்தாமல் எழுதி, கையெழுத்துப் போட்டான். படம் பிடித்து மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பினான்.

"உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். மணியை நிறுத்தினது நீங்க. அவ தலையில கட்டாதீங்க."

வெளியே அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "சொத்துத் தகராறு மாதிரில்ல கத்துறீங்க, பீ டப்பாவுக்கு!" என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணு நெசமாவே அப்படிச் சொல்லுச்சா தம்பி?"

"இல்லக்கா."

அவள் கடைசியாகப் பேசியது பதினான்காவது டப்பாவின் காலையில். குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவன் டப்பாவை வாங்கி மூடியைத் திருகினான். லேபிளில் எடுத்த நேரம் எழுத வேண்டும். ஏழு என்று எழுதினான். யார் பார்க்கப்போகிறார்கள். அவள் பார்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அவன் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் மாமியார் போன் செய்தபோது நினைவு தப்பியிருந்தது. திரும்பவேயில்லை.

"ஏழு இல்லப்பா, ஏழு பத்து. அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."