குனிந்தால் தெரியும் விளக்கு

தன் தேநீரையே யாராவது கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிற அண்ணன், இரண்டு கோப்பைகளோடு வருகிறான் என்றால் எதையோ கேட்கப் போகிறான். கேட்கட்டும். அதற்குள் இதைக் குடித்துவிட வேண்டும். கேட்ட பிறகு தொண்டையில் இறங்காது.

கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் சிரித்துவைத்தாள். கனரக வண்டிகளைச் சாலையில் விடலாமா கூடாதா என்று பார்க்கும் சோதனை நிலையத்தில் அவள் ஆய்வாளர். அண்ணன் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன். வெளியே திடலில் அவன் கட்டிய ஆறு லாரிகள், பள்ளிக்கூடத்தின் முதல் நாள் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன.

தங்கை அண்ணனின் வண்டிகளைப் பார்க்கக் கூடாது என்பது அந்த நிலையத்தில் எல்லோரும் காப்பாற்றிவந்த ஒரே நாகரிகம். மூத்த ஆய்வாளர்தான் பார்ப்பார். அவர் முதுகு பிடித்துக்கொண்டதால் விடுப்பில் போய்விட்டார். மறுநாள் காலையில் கல் குவாரி முதலாளி வண்டிகளை எடுக்க வருகிறார், தவறினால் அவர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார், அவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள் என்று அண்ணன் சொல்லி முடித்தபோது அவள் கோப்பை காலியாகியிருந்தது.

“நீயே பாத்துடு. வேலையில எதாவது குறை இருந்தா சொல்லு பாப்பா, நான் ஒத்துக்கறேன்” என்றான்.

அவள் திடலில் இறங்கிப் பார்த்தாள். குறை இல்லை. பட்டறை ஆட்கள் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போதும் கையில் அளவு டேப்போடு திரிகிறவள். அந்த டேப்பை வைத்துப் பார்த்த இடமெல்லாம் நேராக இருந்தது. பற்றவைத்த தடம்கூடத் தையல் போல ஒழுங்கு. என் அண்ணன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை தலைநீட்டியது. அளவெடுக்கும்போது பெருமை நல்லதல்ல என்று அதை உட்காரவைத்தாள்.

பிறகு பின்பக்கம் போனாள். “தூரமாக வரவும்” என்று பெரிய எழுத்தில் அழகாக எழுதியிருந்தது. பொழுது சாயும் நேரம். படிக்கச் சற்றுச் சிரமமாக இருந்தது. தொடர்ந்து வருகிற ஒரு வண்டி நிற்கும் தூரத்தில் நின்றுகொண்டு, பிரேக்கை அமுக்கச் சொன்னாள்.

எதுவும் எரியவில்லை. மறுபடி சொன்னாள்.

“அமுக்கிட்டுத்தான் இருக்கேன் டேப்பக்கா” என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து பட்டறை ஆள் ஒருவர் குரல் கொடுத்தார். “கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஜோரா எரியும்.”

பாடியின் அடிவயிற்றில், பம்பருக்கு உள்பக்கம், இரண்டு விளக்குகளும் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன என்று அண்ணன் விளக்கினான். சரக்கு மேடைக்குப் பின்வாங்கும்போது முதலில் உடைவது ஓரத்துப் பின்விளக்குதான். முதலாளிகள் மாதாமாதம் புலம்பினார்கள். அவன் யோசித்து, விளக்கை உள்ளே தள்ளினான். அன்று முதல் அவன் கட்டிய வண்டிகளில் ஒரு விளக்குகூட உடைந்ததில்லை. அந்தப் பேரில்தான் பட்டறை வளர்ந்தது.

சட்டம் சொல்வது எளிது. விளக்கு இரண்டு ஓரங்களிலும் இருக்க வேண்டும், எதுவும் அதை மறைக்கக் கூடாது. பின்னால் வருகிறவனுக்கு வண்டி இருப்பதும் தெரிய வேண்டும், அதன் அகலமும் தெரிய வேண்டும். மூத்த ஆய்வாளர் இத்தனை வண்டிகளை எப்படி விட்டார் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. பாவம், ஒவ்வொன்றுக்கும் குனிந்திருக்கிறார். முதுகுவலிக்கு அலுவலக நாற்காலியைத்தான் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருந்தார்.

“ஓரத்துக்கு வரணும்ணா. சுத்தி ஒரு இரும்புக் கூடு வெச்சுக்கோ.”

“ஆறு வண்டியையும் அறுக்கணும். ராத்திரிக்குள்ள ஆகற காரியமா? கூடும் சேர்ந்துதான் நசுங்கும்.” அவன் குரலை உயர்த்தவில்லை. “உடைஞ்ச விளக்கு எவனுக்குத் தெரியும் பாப்பா? என்னோடது எரியவாவது செய்யுதுல்ல?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் தொந்தரவு. வீட்டில் அம்மா பூட்டிவைத்திருந்த பீங்கான் தட்டுகள் நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட உடையவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அவற்றில் யாரும் சாப்பிட்டதும் இல்லை. உடையாமல் வைத்துக்கொள்வதில் எங்கள் குடும்பம் கெட்டிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வாரம் அண்ணன் தன் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கினான். பின்விளக்கு மங்கலாக இருக்கிறதென்று கடைக்காரரோடு சண்டை போட்டு மாற்றினான்; அது போதாதென்று பின்பக்கம் முழுக்க ஒளிரும் பட்டை ஒட்டினான். அந்தப் பெண் மாலைக் கல்லூரிக்குப் போவது குவாரிச் சாலை வழியாகத்தான்.

சொல்லலாம். சொன்னால் அவன் உடைந்துபோவான், வண்டிகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஆனால் அப்போது அது அவன் மகளுக்கான விளக்காகிவிடும். அந்தச் சாலையில் வருகிற மற்றவர்களுக்கு அத்தை கிடையாது. அவள் வாயைத் திறக்கவில்லை.

மௌனத்தை அவன் இளகல் என்று எடுத்துக்கொண்டான். அவளருகில் வந்து, முழங்காலில் கைகளை ஊன்றித் தானே குனிந்தான். வண்டிக்கு அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் அவன் முகத்தில் மட்டும் விழுந்தது. அந்த நிலையிலேயே தலையைத் திருப்பி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“உன்னை நான் பொய் சொல்லச் சொல்லல. ஒரே ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு, எரியுதுன்னு சொல்லு. அது உண்மைதானே?”

உண்மைதான். அதை அவன் முகத்திலேயே பார்க்க முடிந்தது. சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் பழக்கியபோது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்த அதே முகம்.

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

“நிமிர்ந்துக்கோண்ணா, இடுப்பு பிடிச்சுக்கும்” என்றாள். “இங்கேருந்து எனக்கு எதுவும் தெரியல.”