மெல்ல விழுந்தவர்கள்

1966 தை மாதத்திலிருந்து செஞ்சி பீர் முகமது வீட்டில் எந்தப் பொருளும் வேகமாகக் கீழே விழவில்லை. கை தவறிய சொம்பு தரையைத் தொடுவதற்குள் உலை ஒரு கொதி வந்துவிடும். தகர வாளி செய்து விற்கும் பீர் முகமதுவின் சுத்தியல் தகரத்தின் மேல் பூனை போல உட்கார்ந்தது. அவர் பட்டறையை எதிர்வீட்டு வேப்பமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். காரணம் இரும்புப் பெட்டியில் இருந்த பதக்கம்தான் என்று அவர் மனைவி பக்ருன்னிசாவுக்குத் தெரியும். பாராசூட் படையில் இருந்த மகன் சைபுதீன் முந்தைய ஆண்டுப் போரில் காஷ்மீரில் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தத் தையில் ஊருக்கு வந்தது பதக்கம் மட்டும்.

போய் நிற்க ஒரு கபர் இல்லை. முதல் வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் துவாவில் அவன் பெயரைச் சொன்னார்கள். மறுவருஷம் பெருநாளன்று மட்டும் சொன்னார்கள். 1968 பெருநாளில் யாருக்கும் நினைவு வரவில்லை. பக்ருன்னிசா அன்று ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. இன்னொரு பெருநாள் போனால் அப்படி ஒருவன் இருந்ததே ஊருக்குத் தெரியாமல் போய்விடும் என்று பட்டது.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு விநாயகம் சிங்கவரத்தில் ஒரு கிணறு தூர்வார ஒப்புக்கொண்டார். போன வருஷம் கயிறு அறுந்து ஓர் ஆள் செத்த கிணறு அது. மனைவி சுந்தராம்பாள் இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. பக்ருன்னிசா பதக்கத்தை எடுத்துப் பச்சைத் துணிக்குள் வைத்துத் தாயத்து போலத் தைத்தாள்.

"கவர்மெண்ட் குடுத்தத கெணத்துக்கு அனுப்புறியா? தொலஞ்சா நம்ம கையில இன்னா இருக்குது?" என்றார் பீர் முகமது.

"பொட்டியில இருந்து இன்னா பண்ணுது? உங்க பட்டறையத்தான் எதிர்வீட்டுக்குத் தொரத்துச்சி."

விநாயகத்தின் புஜத்தில் கட்டும்போது சொன்னாள்: "எறங்குறதுக்கு முன்னாடி உங்க சாமி பேரச் சொல்லிக்கோ தம்பி. அப்புறம் என் புள்ள பேரச் சொல்லு."

கயிறு அறுந்தது. ஆழம் அறுபது அடி. விநாயகம் நின்றவாக்கில் இறங்கினார்.

"பாயம்மா, பாதி வழியில ஒரு பீடி பத்த வெச்சேன். தரைக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

"இவர அப்படியே பாதியில நிறுத்தி வெக்க முடியாதா?" என்று கேட்டாள் சுந்தராம்பாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

பதக்கத்தைக் கேட்டு வல்லத்திலிருந்து பனையேறிகள் வந்தார்கள். மேல்சித்தாமூரிலிருந்து மடத்துக்கு வெள்ளையடிப்பவர்கள் வந்தார்கள். முதலில் முறைத்த பீர் முகமது, பிறகு யாருக்கு எந்த நாள் என்று அவரே சொல்லத் தொடங்கினார். மறுவருஷம் பதக்கம் வல்லத்தில் இருந்த ஒரு நாள், உள்ளூர் வீராசாமி தன் முறை வரும்வரை பொறுக்கமாட்டாமல் சைபுதீன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ராஜகிரிப் பாறையில் தேனெடுக்க ஏறினார். கால் வழுக்கியது. அடிவாரத்தில் வாளி கொடுக்கப் போயிருந்த பீர் முகமது அண்ணாந்து பார்த்தார். வீராசாமி தேனடையை மார்போடு அணைத்தபடி மெல்ல வந்துகொண்டிருந்தார். கொட்டுவதற்குத் தேனீக்களுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

பதக்கம் பெட்டிக்குத் திரும்பியது. பெயரே போதும் என்றாகிவிட்டது. செஞ்சியில் ஏணியில் கால் வைக்கிறவர்கள் சாமி பெயருக்கு அடுத்து சைபுதீன் பெயரைச் சொன்னார்கள். சொல்லாமல் ஏறுகிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுகொண்டார்கள். பக்ருன்னிசா, கை தவறிய தட்டு இறங்கி வருவதற்குள் வாசல்வரை போய், தெருவில் யார் அவன் பெயரைச் சொன்னது என்று பார்த்துவிட்டு வந்து, தட்டைக் கையில் வாங்கிக்கொள்வாள்.