பூங்கன்றுகளுக்கு நீர் வார்த்த பிள்ளை

ஞாயிறு பனங்கூடலின் முடியைக் கடந்து மேலெழுந்து, யாழ்ப்பாணக் கடனீரேரியின் சிற்றலைகளின்மேல் ஒளியைச் சொரிந்துகொண்டிருந்த ஆடித் திங்களின் ஒரு முற்பகல் அது. இரவெல்லாம் வலை வளைத்துக் களைத்த தோணிகள் கரையேறி ஓய்ந்திருக்க, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மணலை வாரி வேலியோலைகளில் இறைத்துச் சலசலக்க, மீனை ஏலங் கூறுவோரின் உரத்த குரல்களோடு மாதா கோயில் மணியோசையும் கலந்து வந்து, கரையோரத்துச் சிறு பள்ளியின் ஓட்டுக் கூரையைச் சுற்றிச் சுழன்றது. நற்றமிழ் நயமறிந்த அன்பரே, அப்பள்ளி வாயிலில் அன்று கட்டியிருந்த தோரணத்தையும் நிறுத்தியிருந்த குலைவாழையையும் கண்டு, ஏதோ திருவிழா என்று எண்ணிவிடாதீர். பெருமக்கள் ஐவர் ஒரு சிறுமி வாசிப்பதைக் கேட்க வருகின்றனர், அவ்வளவே.

அப்பெருமக்கள் யாவரெனச் சொல்வேன். ஆசிரியராக விரும்புவோரைப் பயிற்றும் கல்லூரியொன்று இந்நிலத்தில் உண்டு; அதன் பெயர் நமக்கு வேண்டா. பழைய பாடநெறிகளைத் திருத்தவும் புதியன சேர்க்கவும் அங்கு அமைந்த குழுவினரே இவர்கள். அவ்வாண்டு அவர்கள்முன் வந்த முன்மொழிவுகள் பதினெட்டு. 'நாளைய வகுப்பறையும் நாமும்' என்பது ஒன்று. 'ஆளுமை ஒளிரும் ஆசிரியர்' என்பது மற்றொன்று. பெயரைக் கேட்டாலே செவி குளிரும். ஏட்டைப் புரட்டினாலோ, வேற்று நாட்டார் தம் பிள்ளைகளுக்காக எழுதிவைத்ததைப் பெயர்த்தெடுத்து ஒட்டியிருப்பது தெரியும். உறைபனி பொழியும் நாள்களில் வகுப்பை எங்ஙனம் நடத்துவது என்றொரு பகுதிகூட, வெயிலில் வெந்து கிடக்கும் நம் வலிகாமத்து ஆசிரியருக்காக அங்கே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். இந்த ஏடுகளில் சுரைக்காயும் இல்லை. ஆயினும் பதினேழையும் குழு ஒரே அமர்வில், தேநீர் ஆறுமுன்னே, ஒருமனதாக ஏற்றது.

பதினெட்டாவதன்மேல் மட்டுமே ஐயங்கள் எழுந்தன. 'வாசிக்க மாட்டாத பிள்ளையை வாசிக்கவைத்தல்' என்பது அதன் பெயர். எழுதியவள் கொக்குவிலில் பிறந்து, அக்கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் விரிவுரை ஆற்றிய இராசாத்தி. பெயரில் பொலிவில்லை என்றார் ஒருவர். ஏழ்மையாய் ஒலிக்கிறது என்றார் இன்னொருவர். இராசாத்தி பெயரை மாற்றவில்லை. அந்தப் பெயரின் பின்னே அவள் யாரிடமும் சொல்லாத ஒரு வெட்கம் இருந்தது.

பயிற்சிபெறும் இளம் ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிட மேற்பார்வையாளர் வரும் நாளில், பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தறியாத பிள்ளைகளை, வகுப்பின் கடைசி இருக்கையான பின்வாங்கிலிருந்து எழுப்பி, ஒருவரை முற்றம் கூட்டவும், ஒருவரைக் கோயில் பூங்கன்றுகளுக்கு நீர் வார்க்கவும் அனுப்பிவிடுவர். வகுப்பில் எஞ்சியோர் கிளிபோல் விடை சொல்ல, மேற்பார்வையாளர் ஆசிரியருக்கு நிறைந்த மதிப்புப் புள்ளியிட்டுச் செல்வார். எவரும் ஆணையிட்டு வந்ததன்று இது; எவரும் தடுத்ததுமில்லை. இராசாத்தி அங்ஙனம் மேற்பார்க்கச் சென்ற நாள்களிலெல்லாம் வெறுமையாய்க் கிடந்த பின்வாங்கைக் கண்டிருக்கிறாள். முற்றத்தில் விளக்குமாற்றோடு நின்ற பிள்ளைகளையும் கண்டிருக்கிறாள். கண்டும் ஏனென்று கேளாதிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைவிட, அந்தச் சோற்றை வாங்கி உண்டு நன்றாயிருக்கிறது என்ற தன்னையே அவள் வெறுத்தாள். அந்த வெறுப்பிலிருந்து பிறந்ததே அப்பாடநெறி.

அதன் விதி எளியது. பயிற்சிபெறுவோர் ஒவ்வொருவரும் எழுத்தறியாத ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்றுப் பத்துக் கிழமை, எழுபது நாள், கற்பிக்க வேண்டும். முடிவில் அப்பிள்ளை, முன்பின் காணாத சில வரிகளை மதிப்பீட்டாளர்முன் வாசிக்க வேண்டும். எவ்வளவு விரைவாக என்பதன்று கணக்கு. எங்கிருந்து எதுவரை வந்தது என்பதே கணக்கு. பிள்ளையை ஒளித்தால் புள்ளி இல்லை. இவ்விதியை முதலில் ஓரிடத்தில் நடத்திக் காட்டுக, கண்டபின் முடிவு செய்வோம் என்றார் குழுத்தலைவர் ஏரம்பமூர்த்தி. அதற்கெனத் தெரிந்தெடுத்ததே இக்கரையோரப் பள்ளி. பொறுப்பேற்றவள் பண்டத்தரிப்பைச் சேர்ந்த தனுசியா என்னும் பயிற்சி ஆசிரியை.

அவளுக்கு வாய்த்த பிள்ளை ஜெயனி. மூன்றாம் வகுப்பு, எட்டு அகவை, கடலோடி ஒருவரின் நான்காம் மகள். மூன்றாண்டுகள் பின்வாங்கில் அமர்ந்தும் 'அ' எது 'ஆ' எது என்றறியாதவள். ஆனால் கரைக்கு வரும் மீனின் வாலைக் கண்டே பெயர் சொல்லுவாள். தனுசியா பாடநூலை மூடி வைத்துவிட்டு மீன்களின் பெயர்களைத் தாளில் எழுதினாள். முதற்கிழமை முழுதும் ஒரே சொல், 'ஓரா'. அதன்பின் திரளி, பாரை, விளைமீன், அறக்குளா. நான்காங் கிழமை பார்க்க வந்த இராசாத்தியின்முன் ஜெயனி 'திரளி' என்ற சொல்லை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, மோவாய் நாடியிலிருந்த பழைய தழும்பு விரியச் சிரித்தாள். அன்றிரவு இராசாத்தி உணவுண்ணவும் மறந்து அச்சிரிப்பையே எண்ணியிருந்தாள். பத்தாங் கிழமை முடிவில் ஜெயனியால் மூன்று நான்கு வரிகளைத் தட்டித் தடவி வாசிக்க முடிந்தது. மலையைப் பெயர்த்தல் அதனினும் எளிது என்பது கற்பித்தோர்க்கே தெரியும்.

இனி அந்த முற்பகலுக்கு வருவோம். பள்ளியின் தலைமையாசிரியரான அதிபர் அடைக்கலநாதன் ஐவருக்கும் மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, மண்டபத்தின் முன்வரிசையில் அமர்த்தினார். பக்கத்து அறையிலிருந்து நண்டுக் கறியின் மணம் வந்துகொண்டிருந்தது. பெருமக்களின் செவி இங்கிருப்பினும் மூக்கு அங்கேயே இருந்தது. வாழ்த்துரை, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்தபின், மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலில் நீலப்பட்டி கட்டிய ஒரு சிறுமி மேடையேறினாள். ஏரம்பமூர்த்தி தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளை வாங்கினாள். மடை திறந்தாற்போல வாசித்தாள். நிறுத்தற்குறிகளில் நின்று, வினாவுக்குக் குரலுயர்த்தி, முடிவில் தலைதாழ்த்தி வணங்கினாள். மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. தலைவர் எழுந்து சென்று அவள் தலையில் கைவைக்க, ஒளிப்படக் கருவி இருமுறை மின்னியது.

அச்சிறுமியின் நாடியில் தழும்பில்லை. அவள் றோஸ், மறைக்கல்விப் போட்டியில் இரண்டாண்டு தொடர்ந்து முதற்பரிசு பெற்றவள், அதே வகுப்பின் முன்வாங்கில் இருப்பவள்.

இராசாத்திக்கு அது கண்ட நொடியே தெரிந்தது. ஆனால் அன்பரே, ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கைதட்டல் எழுந்தபோது, ஒரு மூச்சு இழுத்துவிடும் பொழுதளவு, அவளும் மகிழ்ந்தாள். தன் பாடநெறி நிறைவேறிவிட்டது என்று அவள் உள்ளம் துள்ளியது. மறுகணமே இருக்கையை விட்டு எழுந்தாள். சுவரோரம் தலைகுனிந்து நின்ற தனுசியாவைக் கையசைத்து வெளியே அழைத்துச் சென்று, ஜெயனி எங்கே என்று கேட்டாள். தனுசியா அழுதுகொண்டே கோயிற் பக்கம் விரல் நீட்டினாள். பூங்கன்றுகளுக்கு நீர் வார்க்கப் போயிருக்கிறாள் என்றாள்.

பின்தொடர்ந்து வந்த அதிபர் சற்றும் நாணவில்லை. இரகசியம் சொல்வார்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், உங்கடை பாடநெறிக்காகத்தானே செய்தனான். அந்தப் பிள்ளை நாலு வரி வாசிச்சு முடிக்க வந்திருக்கிறவை நித்திரை கொண்டிடுவினம். இது நிறைவேறினால் ஆயிரம் பிள்ளையளுக்கு நன்மை. ஒரு பிள்ளை ஒரு நாள் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினதிலை என்ன வந்தது?"

இதனினும் தீய சொல்லை இராசாத்தி தன் வாழ்நாளில் கேட்டதில்லை; ஏனெனில் இதனினும் இனிய சொல்லையும் அவள் கேட்டதில்லை. வாய்மூடி நின்றாற் போதும். அவள் ஆண்டுக்கணக்காய்க் கண்ட கனவு மாலைக்குள் ஒப்புதல் பெற்றுவிடும். பிள்ளையை ஒளிப்பதைத் தடுக்க எழுதிய பாடநெறி, பிள்ளையை ஒளித்தே நிறைவேறும். அவள் அதிபரை ஏறிட்டு நோக்கினாள்.

"ஜெயனியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள்.

மண்டபத்துக்குள் சென்று, வாசித்தவள் வேறு பிள்ளை என்பதையும், உரிய பிள்ளை இனித்தான் வருவாள் என்பதையும் ஐவர்முன் சொன்னாள். அவர்கள் சினந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். ஏமாற்றினீரே என்று ஒருவராவது அதிபரைக் கேட்டிருந்தால் அவள் அவரைக் கைகூப்பித் தொழுதிருப்பாள். எவருக்கும் சினம் வரவில்லை. மெல்லிய சலிப்பே வந்தது. நாங்கள் கண்டது போதும், பிள்ளை எதுவானால் என்ன, நெறி நல்ல நெறிதானே என்று ஏரம்பமூர்த்தி பெருந்தன்மையோடு மொழிந்தார். முன்னரே தெரிந்திருந்ததோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ, அம்முகங்களிலிருந்து ஒன்றும் அறியக்கூடவில்லை. அந்த வழுவழுப்பே இராசாத்திக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாயிருந்தது.

அதற்குள் ஜெயனி வந்துவிட்டாள். பாவாடை விளிம்பு நனைந்து, காலில் சேறு ஒட்டியிருந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, முதற்சொல்லின்மேல் விரலை வைத்தாள். காற்று வேலியோலையில் இரையும் ஒலியன்றி மண்டபத்தில் ஒலியில்லை. ஓரெழுத்து, பின் ஓரெழுத்து, இரண்டையும் கூட்டி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, பின் உரக்க ஒரு சொல். முதல் வரி முடிந்தபோது உறுப்பினர் ஒருவர் கைபேசியை எடுத்தார். இரண்டாம் வரியில் இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் வரியின் நடுவில் தலைவர், "போதும் பிள்ளை, நல்லாய் வாசிச்சனீர்" என்று எழுந்தார்; நாற்காலிகள் தரையில் தேய, எல்லோரும் நண்டுக்கறி இருந்த அறையை நோக்கி நடந்தனர். ஜெயனி நிறுத்தவில்லை. விரலை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல், வெறும் நாற்காலிகளுக்கு நான்காம் வரியையும் வாசித்து முடித்தாள். தனுசியாவும் இராசாத்தியும் மட்டுமே அதைக் கேட்டனர்.

உணவு முடிந்து கைகழுவிய ஈரத்தோடே குழு தன் முடிவைச் சொல்லிற்று. பாடநெறி ஏற்கப்பட்டது, சிறு திருத்தங்களோடு. பத்துக் கிழமை இரண்டாகக் குறையும். பிள்ளை வாசித்துக் காட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாததால், பயிற்சிபெறுவோர் ஒளிப்படங்கள் அடங்கிய ஒரு கோப்பினை ஒப்படைத்தால் போதும். பெயரும் மாறும்: 'வாசிப்பின் வானவில்'. இராசாத்தி முடிவெழுதிய தாளை வாங்கி, ஆக்கியோர் என்றிருந்த இடத்தில் தன் பெயரை மும்முறை வெட்டி, பேனா முனை தாளைக் கிழிக்கும்வரை வெட்டி, திருப்பிக் கொடுத்தாள்.

ஏழு திங்கள் கழிந்தன. இராசாத்தி கிழமைக்கு ஒருநாள், எவரும் கேளாமலே, அக்கரையோரப் பள்ளிக்குச் சென்று ஜெயனியோடு அமர்ந்து வந்தாள். மாசித் திங்களில் ஒருநாள், அன்று காலை அச்சகத்திலிருந்து கல்லூரிக்கு வந்திருந்த பாடநெறிக் கைந்நூல் அவள் பையில் இருந்தது. வெட்டிய பெயர் வெட்டாமலே அச்சாகியிருந்தது. அதைக் கண்ட வெறுப்பில் அவள் அட்டையைக்கூடச் சரியாகப் பாராமல் பைக்குள் திணித்திருந்தாள். வாசிக்கப் பழகிய பிள்ளைகளின் இயல்பு நீர் அறிவீர். அவர்களுக்கு முன்னே எழுத்து எதுவும் தப்பாது. பையிலிருந்து நீண்டிருந்த நூலை ஜெயனி இழுத்தெடுத்து மடியில் வைத்தாள். அட்டையில் பெரியதோர் ஒளிப்படம்: இரட்டைப் பின்னல், நீலப்பட்டி, தலையில் ஏரம்பமூர்த்தியின் கை. கீழே ஒரு வரி. ஜெயனி விரலை வைத்தாள். இப்போது அவளுக்கு விரல் அவ்வளவாக வேண்டியதில்லை.

"வாசிக்க மாட்டாதிருந்து, வாசித்துக் காட்டிய பிள்ளை."

ஒரு தடவை வாசித்தாள். ஐயங்கொண்டு மறுபடியும் வாசித்தாள். பின்பு தலைநிமிர்த்திக் கேட்டாள்.

"இது றோஸ் எல்லோ, ரீச்சர். றோசுக்கு முதலே வாசிக்கத் தெரியுமே. நான் பிழையா வாசிச்சிட்டனோ?"

கற்பித்தோர்க்குக் கிடைக்கும் பரிசு எதுவோ, அது இராசாத்திக்கு அன்று கிடைத்தது. அது பொய்யொன்றின் மேலேறி வந்து கிடைத்தது. அவள் நூலை வாங்கி, அட்டை கீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லை பிள்ளை. நீ சரியாத்தான் வாசிச்சனீ" என்றாள்.

அந்நூல் இன்றும் கல்லூரியில் வழங்குகிறது. ஆண்டுதோறும் கோப்புகள் குவிகின்றன. ஒளிப்படங்களில் பிள்ளைகள் அழகாகச் சிரிக்கின்றனர். எழுத்தறிவித்தலின் பெயரால் எழுத்தையே பொய்க்கச் செய்வாரை எப்பெயரிட்டு அழைப்பதென்று இதனை எழுதுவோனுக்குத் தெரியவில்லை. தெரிந்த பெயர்கள் அச்சேறத் தக்கனவல்ல. மாதா கோயில் முற்றத்துப் பூங்கன்றுகள் மட்டும் அவ்வாண்டும் செழித்துப் பூத்தன. நீர் வார்க்கும் சிறு கைகளுக்கு அங்கே என்றும் குறைவிருந்ததில்லை.