கம்பஞ்சோறும் சோறுதான்

பாப்பா மார்பிலிருந்து வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. சண்முகப்பிரியா மறுபக்கம் மாற்றிப் போட்டாள். அங்கும் அதே கதைதான். இழுத்து இழுத்துப் பார்த்தும் ஒன்றும் வராத கோபத்தில் குழந்தையின் முகம் செக்கச் சிவந்துவிட்டது. அடுப்படியில் முட்டை அவித்துக்கொண்டிருந்த அருள்குமார் எட்டிப் பார்த்தான்.

“ஏனுங்க, பாலே ஊற மாட்டீங்குதுங்க. ஒரு வாய் சோறு தின்னா ஊறுமாட்ட இருக்குது.”

“சோத்தப் பத்திப் பேசாத கண்ணு. எங்கம்மாளுக்குக் கால எடுத்தத நீயுந்தான பாத்த?”

பார்த்தாள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரின் அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டியவளே அவள்தான். மாமியாரின் காலைத் தின்ற அந்தச் சர்க்கரை வியாதி இப்போது அவளுக்கும் வந்திருந்தது. கர்ப்பத்தில் வந்தது, பிள்ளை பெற்ற பிறகும் போகவில்லை. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்திருந்த டாக்டரம்மா, “சோத்தைக் குறைங்க, மத்ததெல்லாம் நல்லா சாப்பிடுங்க” என்றார். அருள்குமார் எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். குறை என்றதை நிறுத்து என்று எடுத்துக்கொண்டான். அதோடு விட்டானா? அவன் அன்னூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். அங்கே நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு. அவனுக்கு எல்லாமே சோறுதான். அரிசி, கம்பு, சோளம், ராகி மாவு என்று வீட்டிலிருந்த அத்தனையையும் மூட்டை கட்டி அக்கா வீட்டில் போட்டுவிட்டு வந்தான்.

அதன் பிறகு முட்டை, கீரை, கோழி. மறுபடியும் முட்டை. கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தவன், ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு வந்து அவளுக்காகச் சமைத்தான். மெஷின் எண்ணெய் நகக்கண்ணில் இருக்கும்போதே முட்டை உரிப்பான். அவ்வளவு பிரியமாக ஒருவன் தட்டை நீட்டும்போது பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது? எழுந்து நின்றால் அவளுக்குக் கண் இருட்டியது. பால் வற்றியது. வேறு வழியில்லாமல் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் வீட்டுக்குள் வந்தன. பாப்பா முதல் தடவையே பாட்டிலைக் காலி செய்தது. அருள்குமார் சிரித்தான். அவளுக்கு அழுகையாக வந்தது.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா இப்படி இளைச்சுட்ட? என்ன சாப்பிடற?”

அருள்குமார் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

“கம்பு, ராகி கூடவா குடுக்கல? பால் குடுக்கற உடம்பு இது. நான் சோத்தைத்தானே குறைக்கச் சொன்னேன்?”

“கம்பஞ்சோறும் சோறுதானுங்களே?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சண்முகப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எவ்வளவு சாப்பிடலாம் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அருள்குமார் நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கம்பை எடுத்து வந்து, தானே இடித்து ஆக்கினான். மோர் விட்டுக் கரைத்த அந்தக் கம்பஞ்சோற்றை அவள் குனிந்த தலை நிமிராமல் தின்றாள்.

“என்னையத் திட்டிப்போடு அம்மணி.”

“எதுக்குங்க? நல்லதுக்குத்தான செஞ்சீங்க.”

திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் பால் ஊறத் தொடங்கியது. அவள் ஆசையாக வாரியெடுத்து மார்பில் போட்டாள். பாப்பா வாயை வைத்தது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. காலையில் பார்த்தாள், மாலையில் பார்த்தாள், தூக்கக் கலக்கத்தில் ஏமாற்றியும் பார்த்தாள். பாப்பாவுக்குப் பாட்டில் ரப்பர்தான் வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளை தன்னை வேண்டாம் என்கிறது என்றே அவளுக்குப் பட்டது.

மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தபோது, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து டம்ளரில் பீய்ச்சினாள். அருள்குமார் அதை வாங்கிப் பாட்டிலில் ஊற்றினான். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ரப்பரை வாயில் வைத்தான். அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு மறுபடியும் ரவிக்கை நனைந்தது. பாப்பா குடித்துக்கொண்டே கையை நீட்டித் துழாவி, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.