ஈயத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு

...ஆனாலும் லாரியின் பின்கதவுச் சீலில் இம்புட்டுக்காணு ஈயம், என் சுண்டுவிரல் நகம்கூட அதற்குப் பெரியண்ணன், அதற்குள் ஒரு மனுசனுடைய பேர் மொத்தமும் அடங்கிக் கிடக்கிறதே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, பக்கத்தில் அப்துல் ஹமீது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து உட்கார்ந்திருக்கிறான், ராஜபாளையத்தில் மில் கேட்டைத் தாண்டியதிலிருந்து பேச்சே இல்லை... முன்னால் தேர். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நூல் லோடு அனுப்புகிற லாரி முதலாளி இந்தப் பூமியிலேயே எங்கள் பொன்னுராஜ் ஒருத்தர்தான். தேர் நகர்கிறதா, இல்லை ஊர்தான் பின்னால் போகிறதா? மேற்குமலைக்குச் சக்கரம் மாட்டி இழுத்து வருகிற மாதிரி இருக்கிறது, இந்த வேகத்தில் போனால் என் பேரனுடைய பேரன் வந்துதான் மடவார் வளாகத்துக் குடோனில் லோடு இறக்க வேண்டும். இறங்கட்டும், எப்போது இறங்கினாலும் சரி, குறையாமல் இறங்கினால் போதும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அப்படி இறங்கவில்லையே. அப்போது தார்ப்பாயும் கயிறும்தான், நானும் ரிட்டையர் ஆகாமல் இன்னொரு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹமீது கொண்டுபோன லோடில் ரெண்டு பண்டல் குறைந்தது. ஏற்றும்போதே குறைவா, வழியில் எவனாவது உருவினானா, இறக்குகிற இடத்தில் மறைந்ததா... கயிறு என்ன சாட்சி சொல்லும்? அவிழ்த்தவனும் கட்டியவனும் ஒரே முடிச்சுத்தானே போடுவான். ஒருத்தரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எந்த ஷெட்டிலும் சாவி கொடுக்கவில்லை, அம்புட்டுத்தான். ஒரு கூடைக் கோழி முட்டைகளைத் தரையில் பரப்பி வைத்தால் ஒன்றுகூட உடையாமல் நடுவே லாரியை ரிவர்ஸ் எடுக்கிறவன், அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். நான் பொன்னுராஜ் முதலாளியை அரித்தேன், எப்படி அரித்தேன், அவர் வீட்டுக் கரையானெல்லாம் என்னைக் கண்டு வெட்கப்பட்டு ஊரைவிட்டே போயிருக்கும். கடைசியில் சரி என்றார், புதுசாகப் பெட்டி லாரி வாங்கியிருக்கேன், இரும்புக் கதவு, கொண்டியில் கம்பி கோத்து ஈயத்தை வைத்து இடுக்கியால் நசுக்கினால் மில் மார்க்கும் நம்பரும் பதிந்துவிடும், அறுக்காமல் எவனும் திறக்க முடியாது, அவன் ஓட்டட்டும், ஆனா முதல் நடைக்கு நீரும் கூடப் போகணும், ஏதாச்சும் ஒண்ணுன்னா அவன் இனிமே ஜென்மத்துக்கும் ஸ்டியரிங் தொடக்கூடாது என்றார். காலையில் சீல் வைக்கும்போது ஹமீது பெஞ்சாதி நூர்னிசா கேட்டருகே நின்று பார்த்தாள். "இனி இது பேசும்ல அண்ணே?" என்றாள். மேடை போட்டுப் பேசும் தாயி என்றேன்.

பேசுமா? பின்கதவு இங்கிருந்து தெரியவில்லை, கூட்டம் வேறு வண்டியை உரசிக்கொண்டு போகிறது, எவனாவது கொண்டியைப் பிடித்துத் தொங்கினால்... இறங்கினேன். "எங்க போறீய அண்ணாச்சி?" "செத்த நேரம், காலு மரத்துப்போச்சு." "பின்னால போவாதீய. நானே போவ மாட்டேன். பாத்தாலே தொட்டான்னு ஆயிரும்." சரிதான், சரிதான் என்று சொல்லிக்கொண்டே பின்னால்தான் போனேன். சீல் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். தேர் ஒரு முழம் நகர்ந்தது, மறுபடி இறங்கிப் போனேன், சீல் அங்கேயேதான் இருந்தது, அது எங்கே போகும். மூன்றாம் தரம் இறங்கியபோது எதிரே பானகப் பந்தலில் ஒரு அம்மா வாழையிலைத் துண்டில் கட்டிச் சந்தனம் கொடுத்தாள், கையில் சந்தனம் இருந்தால் சும்மா இருக்கிற கையா இது? டயர், ஹாரன், ஜாக்கி, டீசல் மூடி என்று பொட்டு வைத்தே காலம் தள்ளினவன், ஒருதரம் ஆயுத பூசைக்கு, வண்டியை நிறுத்தின போலீஸ்காரர் தொப்பிக்கே வைத்திருக்கிறேன், அவர் இன்னும் அதை அழிக்கவில்லை என்று கேள்வி. புது வண்டி, முதல் நடை, எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்கிறது, நாளெல்லாம் காவல் நிற்கிற இந்த ஈயம் மட்டும் மூளியாகவா? அப்பினேன். ரெண்டு பக்கமும் அப்பினேன். புதுப்பெண் மாதிரி இருந்தது.

குடோன் வாசலில் கணக்கப்பிள்ளை சுயம்புலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிகிறார், நகத்தால் சுரண்டுகிறார், வெயிலில் காய்ந்து காரை மாதிரி ஏறிக் கிடக்கிறது. "என்னய்யா இது, சீலா சந்தனக் கட்டியா? மார்க்கு எங்க, நம்பரு எங்க? இதைப் பாக்காம நான் எப்படி அறுக்க?" லோடுமேன்கள் கூடிவிட்டார்கள், அதில் ஒருத்தன் மெதுவாக, மெதுவாக என்று நினைத்துக்கொண்டு, "அந்த ஹமீதுதான ஓட்டிட்டு வந்திருக்கான்" என்கிறான்... நான்தான் வைத்தேன் என்று சொல்ல வேண்டும், சந்தனக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பேச வந்த ஈயத்தின் வாயை நானே அடைத்துவிட்டேனே... ஹமீது முன்சக்கரத்தருகே கையைப் பின்னால் கட்டி நிற்கிறான், ஓரடி எடுத்து வைக்கவில்லை. "கணக்கப்பிள்ளை அய்யா, அந்தா தண்ணிக் கேன் இருக்கு. நீங்களே ஊத்துங்க, நீங்களே பாருங்க. நான் இங்கனயே நிக்கேன்." சுயம்புலிங்கம் ஊற்றினார். முதலில் மஞ்சளாக ஒழுகியது, பிறகு வெளுப்பாக, பிறகு வெறும் தண்ணீர், அதற்கடியில் ஈயம் பளீரென்று, மில் மார்க்கு, கீழே நம்பர், கையிலிருந்த சீட்டோடு ஒத்துப் பார்த்தார், ஒவ்வொரு எழுத்தாக, அவர் தலையாட்டுகிறவரை அந்தத் தேர் ஏழு உலகத்தையும் சுற்றிவிட்டு வந்திருக்கும். ஆட்டினார். அறுத்தார். எண்ணினார்கள், ஒரு பண்டல் குறையவில்லை. "யாருய்யா இதுக்குப் பொட்டு வச்ச புண்ணியவான்?" "எங்க அண்ணாச்சிதான். விட்டா என் நெத்தியிலயும் வச்சிருப்பாவ" என்றான் ஹமீது, காலையிலிருந்து அவன் பல்லை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பும்போது காலிப் பெட்டி தடதடவென்று தாளம் போடுகிறது, ஹமீது அதற்கு மேல் பேசுகிறான், மூன்று வருசத்துப் பேச்சையும் ராஜபாளையம் வருவதற்குள் பேசி முடித்துவிடுவான் போல. அடுத்த லோடுக்கும் நீர்தான் வருவீரா என்று சுயம்புலிங்கம் ஹமீதிடம் கேட்டதற்கு, "வாரேன். அண்ணாச்சி வேண்டாம், சீல் போதும்" என்றானே, எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன், இதற்குத்தானே அரித்தேன், என்னை வேண்டாம் என்று சொல்லத்தானே... அறுத்த ஈயத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், நூர்னிசாவிடம் கொடுக்க. உள்ளங்கையில் இன்னும் வாசமடிக்கிறது. மூன்றாம் தரம் சந்தனம் வைக்கப் போனேன், சரி, அது பழக்கம். முதல் ரெண்டு தரம்? கூட்டம் உரசுகிறது என்றுதானே போனேன்... கூட்டத்தையா சந்தேகப்பட்டேன், இவனையா? ஹமீது என்னமோ கேட்கிறான், "என்ன அண்ணாச்சி, சத்தமே காணோம்?"