தண்ணீர் குடித்த மூன்று நாட்கள்

எங்கள் மைசூர் சட்டை ஃபாக்டரியில் யாரும் அறிவிக்காத ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை பாத்ரூமுக்கு எழுந்து போகாமல் யார் தைப்பது என்பதுதான் போட்டி. நான்காவது லைனில் ஆறு வருடமாக நான்தான் முதலிடம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், எங்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

ஒரு லைனில் நாற்பது மெஷின். முதல் மெஷினில் காலர் தைத்தால் கடைசி மெஷினில் முழுச் சட்டையாக வெளியே வரும். நடுவில் ஒருத்தி எழுந்துபோனால் அவள் மெஷினில் துணிக்கட்டு குவியும், அடுத்து இருப்பவள் கை சும்மா இருக்கும். அதனால் லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நீலப் பிளாஸ்டிக் வில்லை. அதை ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வந்து மாட்டும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அவள் வந்ததும் சூப்பர்வைசர் கிருஷ்ணராஜ் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவான். கெட்டவன் இல்லை. டார்கெட் அவன் கழுத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அரை டம்ளர் காபி. மதியம் மோர் கிடையாது, ரசம் கிடையாது, கெட்டிச் சோறுதான். நாக்கு வறண்டால் வாயில் ஒரு கிராம்பு. லைனுக்குப் புதிதாக யார் வந்தாலும் இதை நானே வலியப் போய்ச் சொல்லிக்கொடுப்பேன். அடுத்த மெஷினில் இருந்த ஜீவிதாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஊர் மார்டள்ளி, என் ஊர் கௌதள்ளி; ரெண்டும் கர்நாடகத்தில் தமிழ் பேசும் ஊர்கள். அவளைவிட எனக்கு மூன்று வயதுதான் கூட. “கிராம்பு உறைக்குதுங்க்கா” என்று சிரித்துக்கொண்டே பழகிக்கொண்டாள்.

மைசூரில் ஃபேன் எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. இந்த வருடம் சித்திரையில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே நிற்கவே முடியவில்லை. நடுவே ரெண்டு நாள் கோடை மழை பெய்து, பின்பக்கம் கிடந்த டிரம்மிலெல்லாம் தண்ணீர் தேங்கி, கொசு கிளம்பியது. லைனில் ஆளாளுக்குக் காய்ச்சல். இதற்கு நடுவில் வெளிநாட்டில் வரியை ஏற்றிவிட்டார்கள், ஆர்டர் குறைந்துவிட்டது என்று ரெண்டு லைனை மூடினார்கள். கரண்டு பில் என்று பாதி ஃபேனையும் நிறுத்தினார்கள். மீதியிருந்த ஆறு லைனில் அடுத்தது எது என்று தெரியாமல், காய்ச்சல்காரிகள்கூட மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள்.

ஜீவிதாவும் வந்தாள். அவள் கணவன் சுரேந்தர் கட்டட வேலை. வெயிலால் மதியத்துக்குமேல் வேலை இல்லை என்று அவனுக்கு அரை நாள் கூலியாகிவிட்டது. ரெண்டு பிள்ளைகள் உள்ள வீடு இவள் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் காய்ச்சலோடு, வாயில் கிராம்போடு தைத்தவள், நாலாம் நாள் மெஷின்மேலேயே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, டெங்கு என்றார். அதைவிட மோசம், உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார். “காய்ச்சல் நேரத்துல தண்ணி குடிக்க வேண்டாம்னு எந்தப் புண்ணியவதி சொன்னது?” என்று கேட்டார். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்போது பேசாமல் நின்றதற்கு இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம்தான்.

பதினோரு நாள் கழித்து ஜீவிதா வேலைக்கு வந்தாள். கேட்டில் அவள் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சொல்லாமல் விடுப்பு எடுத்ததால் தானாக வேலையை விட்டதாகக் கணக்காம். சுரேந்தர் ரெண்டு தடவை டாக்டர் சீட்டைக் கொண்டுவந்ததும், ஆபீசில் வாங்கமாட்டேன் என்றதும் வாட்ச்மேன் கரியப்பனுக்கே தெரியும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான் என்ன பண்ணட்டும் தாயி” என்றார். ஜீவிதா சாப்பாட்டுக் கூடையோடு வெயிலிலேயே நின்றாள்.

அன்று மதியம் பேக்கிங் செக்‌ஷன் தேவம்மா எங்களைக் கூட்டினாள். சங்கம் என்று எங்களுக்கு இருந்தது அவள்தான். கொள்ளேகால்காரி, தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும்; மனுவை மனவி என்பாள், வேண்டாம் என்பதற்குப் பேடா.

“நான் மூணு மனவி எழுதிக் குடுத்தாச்சு. காய்ச்சலுக்கு லீவு, தண்ணி, ஃபேன், டோக்கன் பேடா. ஒண்ணுக்கும் பதில் இல்ல. நாளைக்கு வேலைய நிறுத்தலாமா, சொல்லுங்க.”

ஒருத்தியும் கை தூக்கவில்லை. நிறுத்தினால் இன்னொரு லைனை மூட அதுவே சாக்காகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கண் சுவரில் இருந்த போஸ்டரில் விழுந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொன்னதற்காக ஒட்டியது. ஒரு பெண் சிரித்துக்கொண்டு பாட்டிலோடு நிற்பாள். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்று கீழே கன்னடத்தில் இருக்கும். இத்தனை நாள் எங்களைப் பார்த்து நக்கலடித்துக்கொண்டிருந்த போஸ்டர்.

“வேலைய நிறுத்த வேண்டாமுங்க. தண்ணி குடிக்கலாம். அத்தனை பேரும். அதுல எழுதியிருக்கற மாதிரியே,” என்றேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஐம்பத்திமூன்று வயது ஆண்டாளக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு லைன் லைனாகப் பரவியது.

வியாழக்கிழமை காலை ஃபாக்டரி பஸ்ஸிலிருந்து இருநூற்று முப்பத்தொன்பது பெண்கள் ஆளுக்கு ரெண்டு பாட்டிலோடு இறங்கினோம். மணியடித்ததும் மெஷினைப் போட்டோம், பாட்டிலைத் திறந்தோம். ஆறு வருடத்தில் வேலை நேரத்தில் நான் குடித்த முதல் தண்ணீர் அது. தொண்டையில் இறங்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன ருசி.

பத்து மணிக்கு முதல் கை உயர்ந்தது. பத்தரைக்கு எங்கள் லைனில் இருபது பேர் டோக்கனுக்கு வரிசையில் நின்றார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒழுங்காகத் தைத்தார்கள். ஆனால் காலர் வந்தால் அதை வாங்கக் கையில்லை, சட்டைக் கை வந்தால் அதை மாட்ட ஆளில்லை. துணிக்கட்டுகள் மெஷினுக்கு மெஷின் மலையாகக் குவிந்தன. கிருஷ்ணராஜ் ஓடி வந்தான்.

“ஏனக்கா இது?”

நான் போஸ்டரைக் காட்டினேன். அவன் அதை முதல் தடவை பார்ப்பதுபோலப் படித்தான். படித்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பதினோரு மணிக்கு மானேஜர் ஜகதீசன் இறங்கி வந்தார். தமிழ்நாட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் எங்களோடு தமிழ் பேசுவார். அன்று எதுவும் பேசாமல், ஆறு ஆணியிலிருந்தும் டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “டோக்கன் இல்லாம யாரும் எழுந்திருக்கக் கூடாது,” என்றார்.

ஆண்டாளக்கா எழுந்தாள். மெஷினை அணைத்தாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“டோக்கன் உங்க பாக்கெட்டுல இருக்குதுங்க சார். முட்டறது எனக்கு இல்லீங்களா.”

சொல்லிவிட்டு நேராகப் பாத்ரூமுக்கு நடந்தாள். அவள் பின்னால் நாற்பது பேர், அப்புறம் எண்பது பேர். நான் இடையிடையே ஜகதீசனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். மனுஷன் ஆறு டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டு வழியை விட்டு விலகி நின்றார்.

வெள்ளிக்கிழமை பேக்கிங் செக்‌ஷனும் சேர்ந்துகொண்டது. அவர்கள் எங்களைவிட அதிகமாகக் குடித்தார்கள். சனிக்கிழமை காலையில் சட்டை ஏற்ற வந்த கண்டெய்னர் லாரி மதியம் வரை காலியாகவே கேட்டில் நின்றது. டிரைவர் அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பன்னிரண்டரைக்கு ஆபீசிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். தேவம்மா, ஆண்டாளக்கா, நான் மூவரும் போனோம்.

ஜகதீசன் தமிழில் ஆரம்பித்தார். “என்னம்மா சரசு, நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணலாமா?”

“நம்ம ஆளுன்னு நெனச்சிருந்தா ஜீவிதாவக் கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பீங்களா?” என்றேன்.

தேவம்மா பேப்பரை நீட்டினாள். இந்தத் தடவை அவர் வரி வரியாகப் படித்தார். டோக்கன் போகட்டும் என்றார். ஃபேன் ஓடட்டும், லைனுக்கு ஒரு தண்ணீர் கேன் வைக்கலாம், வெயில் காலத்தில் ரெண்டு தடவை பத்து நிமிட இடைவேளை விடலாம், டாக்டர் சீட்டு இருந்தால் காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு லீவு என்று ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஜீவிதாவை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கடைசி வரியில் பேனா நின்றது.

“இது மட்டும் முடியாது. அந்தப் பொண்ணோட பேரை எடுத்தாச்சு. அதோட, அவங்களாத்தானே தண்ணி குடிக்காம உடம்பைக் கெடுத்துக்கிட்டாங்க? அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?”

தேவம்மா என்னைப் பார்த்தாள். இவ்வளவு கிடைத்திருக்கிறது, ஒருத்திக்காக இதை விடுவதா என்று அவள் கண் கேட்டது. அவளைக் குறை சொல்லமாட்டேன். இருநூற்று நாற்பது பேர் வயிறு அவள் கையில் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பேசாமல் நின்றது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“அவளா கெடுத்துக்கலீங்க. நாஞ் சொல்லிக் குடுத்தனுங்க.”

“எதை?”

“தண்ணி குடிக்காம எப்படி இருக்கறதுன்னு. அவளுக்கு மட்டுமில்ல, எங்க லைன்ல பாதிப் பேருக்கு நாந்தானுங்க சொல்லிக் குடுத்தது. எதுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு கேளுங்க. இங்க டோக்கன் ஒண்ணு, ஆளு நாப்பது. எந்தெந்த வருஷம் யாராருக்குச் சொல்லிக் குடுத்தேன், அதுல யாராருக்குக் கல்லடைப்பு, யாராருக்கு நீர்க்கடுப்புன்னு பேரோட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க. இங்கயும் ஒண்ணு குடுக்கறேன், அந்தப் போஸ்டரக் குடுத்த வெளிநாட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு அனுப்பறேன். என்னை வேணும்னா இன்னைக்கே நிறுத்திக்கங்க.”

ஆண்டாளக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு ரெண்டு தடவை கல்லடைப்புங்க. மொதப் பேரு எம்பேரா எழுது சரசு,” என்றாள். தேவம்மா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த பேப்பரை, டிக் போட்ட வரிகளோடு, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அந்த வரி இல்லன்னா இது எதுவும் எங்களுக்கு வேண்டா சார்,” என்றாள்.

வெளியே லாரி டிரைவர் எழுந்து ஹாரன் அடித்தார். ஜகதீசன் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ரெண்டு போன் பேசினார். மூன்றாவது போனுக்கு அப்புறம் பேனாவை எடுத்துக் கடைசி வரிக்கும் டிக் போட்டார். நாங்கள் ஷெட்டுக்குள் திரும்பி வந்து சொன்னபோது எழுந்த சத்தத்தில், இத்தனை வருடங்களாக எங்களை அதட்டிய மணிச் சத்தம் கேட்கவே இல்லை. கிருஷ்ணராஜும் கை தட்டினான்.

திங்கட்கிழமை காலை ஜீவிதா கேட்டுக்கு முன்னால் நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். நான் சனிக்கிழமை என்ன சொன்னேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஜீவிதா, நான் உனக்கு அன்னைக்கு…”

“அக்கா, அதைச் சொல்லிக் குடுக்கலீன்னா நான் மொத மாசமே வேலைய உட்டுட்டுப் போயிருப்பன். என்ற புள்ளைங்க ஸ்கூலுக்குப் போறது நீங்க சொல்லிக் குடுத்ததுலதான். தப்பு நம்முளுது இல்லீங்க்கா.”

நடுரோட்டில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

மணியடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய இருநூற்று முப்பத்தொன்பது பேரில் ஒருத்திகூட உள்ளே போகவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. கரியப்பன் கேட்டை அகலத் திறந்துவிட்டு, ஜீவிதாவின் கார்டைத் தானே வாங்கி மெஷினில் வைத்தார். ஆபீசில் அவள் பேரை மறுபடி ஏற்றிப் பச்சை எரிய ஏழு நிமிடம் ஆனது. உள்ளேயிருந்து ஜகதீசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே கால் வைத்த பிறகுதான் நாங்கள் நகர்ந்தோம். அன்றைக்கு ஃபாக்டரி முழுக்க லேட். யாருக்கும் லேட் மார்க் போட அவர் துணியவில்லை.