பக்கத்தில் நீட்டிய கை

அந்தப் பாடகருக்குச் சுளுக்குத்துரை என்று பட்டம் கட்டிய புண்ணியவதி கண்ணாடி அக்காதான். மேடைக்கு வரும்போதும் போகும்போதும் அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். யார் கை நீட்டினாலும் கண்டுகொள்ளாமல் நேரே போய்விடுவார். அப்படி ஒரு வீடியோவுக்குக் கீழே, 'துரைக்குக் கழுத்துச் சுளுக்கு போல, யாராவது தைலம் தேய்ச்சு விடுங்கப்பா' என்று அக்கா எழுதப்போக, ஃபோன் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது.

குழு அவருடைய ரசிகர்களுடையது இல்லை, இன்னொரு பாடகரின் ரசிகர்களுடையது. அவரைக் குழுவில் நம்மவர் என்றுதான் சொல்வார்கள். நம்மவர் மேடையை விட்டு இறங்கினால் கடைக்கோடி ஆள் வரைக்கும் கை கொடுக்காமல் போக மாட்டார். ஆகவே நம்மவர் சொக்கத்தங்கம், மற்றவர் திமிர் பிடித்தவர். ஒரு நிமிட வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புருவம் ஏறியதா உதடு சுழிந்ததா என்று ஆராய்ந்து ஒரு மனுஷனின் குணத்தையே எடை போட்டுவிடுகிற மேதைகள் அவர்கள். நடுவில் பாட்டு என்று ஒன்று இருந்ததை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அக்காவுக்கு அந்தக் குழுவை விட்டால் வேறு நாதியில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. வேறு ஊரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்பான். அந்த அப்புறம் வந்ததே இல்லை. கண் மருத்துவமனையில் பரிசோதனை வேலை, அதனால்தான் குழுவில் அவள் கண்ணாடி அக்கா. வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட்டதும் அவள் ஃபோனைத்தான் எடுப்பாள். சாயங்காலமானால் குழுவில் ஒருவர் நம்மவர் பாட்டின் முதல் வரியைப் போடுவார், அடுத்தவர் அடுத்த வரியைப் போடுவார். கடைசி வரி எப்போதும் அக்காவுடையது. அவள் வர நேரமானால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். 'அக்கா எங்கே, அக்காவைக் காணோமே' என்று தேடுவார்கள். அப்படித் தேடுவதைப் பார்க்கவே சில நாள் வேண்டுமென்று தாமதமாகப் போடுவாள், பாவம்.

ஒரு மத்தியானம், டாக்டர் கொடுத்த சீட்டோடு சுளுக்குத்துரையே அவளுடைய பரிசோதனை அறைக்குள் வந்து நின்றார். தலையில் தொப்பி, கூட யாருமில்லை. ஓரப் பார்வையைச் சோதிக்கும் இயந்திரத்தின் முன்னால் அவரை உட்கார வைத்தாள். முகவாயை அதன் மேல் பதித்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் ஒளிப்பொட்டு மினுக்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

அவர் அழுத்தவில்லை. பொட்டுகள் இடமும் வலமுமாக மினுக்கி மினுக்கி அணைந்தன, அவருடைய கட்டைவிரல் அசையவில்லை. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு பட்டனை அழுத்துவதுகூடத் துரைக்குக் கௌரவக் குறைச்சலா? சாயங்காலம் குழுவில் போட வேண்டிய நக்கல் மனசுக்குள் பாதி தயாராகிவிட்டது.

"வெளிச்சம் தெரிஞ்சா அழுத்தணும் சார்," என்றாள் வெடுக்கென்று.

"தெரிஞ்சா அழுத்துவேம்மா."

வேறு யார் அப்படி உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு எடுத்த எடுப்பில் புரிந்திருக்கும். அவள் பார்க்காத நோயாளியா? இவரிடம் மட்டும் திமிரைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. சுற்றிலும் ஒரே கறுப்பு, நடுவில் மட்டும் காசளவு வெள்ளை. அந்த ஓட்டை வழியாகத்தான் மனுஷர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் நின்றபடியே காகிதத்தை நீட்டினாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று நீட்டினாள். வெட்கத்தில் அவள் முகம் சுட்டது.

"எல்லாரும் பக்கத்துல நின்னுதாம்மா கை நீட்டுறாங்க," என்றார் அவர். "வெளியில சொல்லிடாதீங்க. திமிர் புடிச்சவன்னா திட்டிக்கிட்டாவது பாட்டைக் கேப்பாங்க. கண்ணு தெரியலன்னா பாவப்பட்டுக் கேப்பாங்க. அது எனக்கு வேணாம்."

இந்த அறையில் நடப்பது எதுவும் வெளியே போகாது என்று அக்கா சொன்னாள். பாட்டெல்லாம் கேட்பீர்களா என்று அவர் விசாரித்தார். கேட்பேன் என்றாள், யாருடைய பாட்டு என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் குழு கொதித்துக்கொண்டிருந்தது. பூங்கொத்தோடு நின்ற ஒரு சிறுமியைத் தாண்டி அவர் நேரே போகிற புது வீடியோ வந்திருந்தது. அக்கா வரட்டும், அக்கா என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

'அவரை விட்டுடுங்க. நான் வெச்ச பேரையும் விட்டுடுங்க' என்று எழுதினாள். ஜோக் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். திரும்பவும் அதையே எழுதினாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு வாங்கினீங்க என்று ஒருவன் கேட்டான்.

குழுவை நடத்துகிற பஸ் கண்டக்டர் தம்பி ஃபோனில் கூப்பிட்டான். அக்கா அக்கா என்று உருகுகிறவன்.

"ஒரே ஒரு காரணம் சொல்லுங்கக்கா. மத்தவங்களை நான் சமாளிச்சுக்கறேன்."

காரணம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போதும், அவள் பழையபடி அவர்களுடைய அக்கா.

"காரணம் இருக்கு தம்பி. சொல்ல முடியாது."

"அப்ப அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்கன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க?"

"நினைச்சுக்கட்டும்," என்றாள்.

அவன் ஃபோனை வைத்தான். அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தாள். இந்நேரம் பாட்டு முடிந்திருக்கும், கடைசி வரியை வேறு யாரோ போட்டிருப்பார்கள். நீக்கியதைவிட அவளுக்கு அதுதான் வலித்தது.

மறுநாள் சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுளுக்குத்துரையின் பாட்டு ஒன்றைப் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் பாட்டு ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள், இன்னொரு தரமும் கேட்டாள். நல்லாத்தான் பாடியிருந்தார். ஆனாலும் மேலே போகிற இடத்தில் கொஞ்சம் திணறல். அந்த இடத்தை நம்மவர் என்றால் அலுங்காமல் தாண்டியிருப்பார். என்ன இருந்தாலும் நம்மவர் நம்மவர்தான்.

இதை உடனே சொல்லியாக வேண்டும் என்று ஆசையாக ஃபோனைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகுதான் சொல்ல ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.